பிறருக்காக ஓடுகிறவர்களுக்கு ஒரு பாட்டு: பினாங்கில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முப்பது வருடம் வார்டில் நின்ற மிஸ்ஸி, அதாவது தாதி, ஓய்வு பெறுகிறார். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்குக் காசு வாங்காமல் டியூஷன் சொல்லிக்கொடுத்த டீச்சருக்கு எழுபது வயது. தைப்பூசத்துக்குத் தைப்பூசம் தண்ணீர்ப் பந்தலில் அண்டா கழுவும் அண்ணனுக்கு நன்றி சொல்ல வேண்டும். மாலை, பொன்னாடை, நினைவுப் பரிசோடு பாட்டும் ஒன்று இருந்தால் நன்றாக இருக்குமே என்று யாராவது சொல்லிவிடுவார்கள். அதன் பிறகு எழும் கேள்விகள்தான் இவை. ஜார்ஜ்டவுனிலும் பட்டர்வொர்த்திலும் பிறையிலும் இப்படிப்பட்ட பாட்டுகளை எழுத உட்காரும் எல்லோருக்காகவும் இதை எழுதுகிறேன்.

நான் கவிஞன் இல்லை. எழுதலாமா?

எழுதலாம். அவர் செய்ததைப் பக்கத்திலிருந்து பார்த்திருந்தால், பார்க்காத கவிஞரைவிட நீங்களே நன்றாக எழுதுவீர்கள். மெட்டுக்கும் சந்தத்துக்கும் உதவ ஆள் கிடைக்கும். கண்ணால் கண்டதை எழுத மாற்று ஆள் கிடையாது.

அவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டுமா? திடீரென்று பாடினால் மகிழ்ச்சியாக இருக்குமே?

சொல்லிவிடுங்கள். சத்தமில்லாமல் உதவி செய்கிறவர்களில் பலருக்கு மேடை ஆகாது. பெயரைச் சொல்லிப் புகழ்ந்தால் தலையைக் குனிந்துகொள்வார்கள், சிலர் எழுந்தே போய்விடுவார்கள். நாம் மரியாதை செய்ய நினைத்தது அவருக்குத் தண்டனையாகிவிடக் கூடாது. ‘ஐயா, உங்கள் வேலையைப் பற்றி ஒரு பாட்டு எழுத ஆசை. பெயர் போடலாமா?’ என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் பெயரில்லாமல் எழுதுங்கள். பாட்டே வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டியதுதான். மெட்டை மட்டும் மறைத்து வைத்துக்கொள்ளுங்கள், அந்த அளவு ஆச்சரியம் போதும்.

எங்கிருந்து தொடங்குவது?

பேனாவை எடுக்குமுன் நாலு பேரிடம் பேசுங்கள். அவரிடம் கேட்டால் ‘நான் என்னம்மா பெருசா செஞ்சேன்’ என்பதோடு முடிந்துவிடும். உதவி பெற்ற ஒருவர், கூட வேலை செய்தவர் ஒருவர், வீட்டில் இருப்பவர் ஒருவர், இந்த மூவரும் கட்டாயம்.

கேள்வியும் சரியாக இருக்க வேண்டும். ‘அவர் எப்படிப்பட்டவர்?’ என்றால் ‘ரொம்ப நல்லவர்’ என்று பதில் வரும், அதை வைத்து ஒரு அடிகூட எழுத முடியாது. இப்படிக் கேளுங்கள்: எத்தனை மணிக்குக் கிளம்புவார்? கையில் என்ன கொண்டுவருவார்? வந்ததும் முதலில் என்ன சொல்வார்? மழை பெய்தால்? பணம் நீட்டினால் என்ன செய்வார்? முதன்முதலில் இதை ஏன் தொடங்கினார்?

அவர் வாயில் அடிக்கடி வரும் சொல் ஒன்று எப்படியும் அகப்படும். ‘சாப்டாச்சா?’ என்று கேட்காமல் எந்த வீட்டு வாசலையும் தாண்டாத ஓர் அக்காவுக்குப் பாட்டு எழுதுகிறோம் என்றால், பல்லவிக்கு வேறெங்கும் போக வேண்டாம். அந்த ஒரு சொல்லைக் கூட்டம் திருப்பிப் பாடட்டும். கேட்டவுடன் யாரைப் பற்றியது என்று மண்டபம் முழுக்கத் தெரிந்துவிடும்.

வீட்டில் இருப்பவரிடம் பேசச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளை ஊருக்குக் கொடுத்தால், அந்த ஞாயிறுகளை இழந்தது அவர் மனைவியும் பிள்ளைகளும்தான். சரணத்தில் ஒரு அடியாவது அவர்களுக்குப் போகட்டும். பெரும்பாலான பாராட்டுப் பாட்டுகளில் இது விடுபட்டுப்போகிறது. எனக்கு இது பெரிய குறையாகத் தெரிகிறது.

‘கருணைக் கடலே, தியாகச் சுடரே’ என்று எழுதினால் என்ன தவறு?

அந்த வரியை யாருக்கும் பாடலாம். நேற்று வேறு மண்டபத்தில் வேறு ஒருவருக்கும் பாடியிருப்பார்கள். அவருக்கே உரிய பாட்டு என்று எதை வைத்துச் சொல்வது?

நம்மிடம் இதற்கு இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுள்ள பாடம் இருக்கிறது. புறநானூற்று 182ஆம் பாட்டு, கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி பாடியது. இந்த உலகம் இன்னும் இருக்கிறதே, ஏன் என்று தொடங்கி, ‘தமக்கென முயலா நோன்தாள் பிறர்க்கென முயலுநர் உண்மையானே’ என்று முடிகிறது. தமக்காக அல்லாமல் பிறருக்காக உழைப்பவர்கள் இருப்பதால்தான் உலகம் இருக்கிறது என்பது கருத்து. பிறர் நலம் நாடுவோரைப் பற்றித் தமிழில் இதற்கு மேல் ஒரு பாட்டு இல்லை என்றே நினைக்கிறேன்.

அது கட்டப்பட்டிருக்கும் விதத்தைப் பாருங்கள். ஒன்பதே அடி. யாருடைய பெயரும் இல்லை. இந்திரனின் அமிழ்தமே கிடைத்தாலும் இனிது என்று தனியாக உண்ண மாட்டார்கள். யாரையும் வெறுக்க மாட்டார்கள். பிறர் அஞ்சுவதற்குத் தாமும் அஞ்சுவார்கள், ஆனால் அதற்காகச் சோம்பிக் கிடக்க மாட்டார்கள். புகழ் வரும் என்றால் உயிரையும் கொடுப்பார்கள், பழி வரும் என்றால் உலகத்தையே சேர்த்துக் கொடுத்தாலும் தொட மாட்டார்கள். எல்லாம் அவர்கள் செய்வது, செய்யாதது. ‘இத்தகைய மாட்சி உடையவர்கள்’ என்று புலவர் சொல்வது அத்தனையையும் சொல்லி முடித்த பிறகுதான். அதற்குள் கேட்பவர் மனத்தில் அந்த மதிப்பு தானாகவே வந்திருக்கும்.

அதனால் உங்கள் முதல் பிரதியில் உள்ள ஒவ்வொரு புகழ்ச்சொல்லையும் அடிக்கோடிடுங்கள். ‘அன்பானவர்’ என்று இருந்தால், அந்த அன்பு எந்த நாளில் எந்தச் செயலாக வந்தது என்று கேளுங்கள். பதிலை எழுதுங்கள், புகழ்ச்சொல்லை அடித்துவிடுங்கள்.

ஓர் எடுத்துக்காட்டு காட்ட முடியுமா?

பட்டர்வொர்த்தில் தன் சொந்த வேனில் டயாலிசிஸ் நோயாளிகளை ஏற்றிப்போகும் ஓர் அண்ணனைக் கற்பனை செய்துகொள்வோம். டயாலிசிஸ் பொதுவாக வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய நாலு மணி நேரம். வேலைக்குப் போகும் பிள்ளைகளால் ஒவ்வொரு தடவையும் விடுப்பு எடுக்க முடியாது. அந்த இடத்தில்தான் இவர் வருகிறார். கும்மி மெட்டில்:

விடியும் முன்னே வேன்வந்து – எங்க
வீட்டு வாசலில் நின்றிருக்கும்
படியில் இறங்கும் பாட்டிக்கு – ஒரு
பக்கக் கைவந்து தாங்கிநிற்கும்

நாலு மணிநேரம் ஆனாலும் – வெளி
நாற்காலி ஒன்றில் காத்திருப்பார்
கூலி கொடுத்தால் கைமடக்கி – வரும்
கிழமை புதனென்று கிளம்பிடுவார்

விடியும்–படியில், நாலு–கூலி என்று எதுகை இருக்கிறது. வீட்டு, வேன், வாசல் என்று மோனையும் ஓடுகிறது. ‘வள்ளல்’ என்ற சொல் எங்கும் இல்லை. வேனும் நாற்காலியும் புதன்கிழமையும் அந்த வேலையைச் செய்கின்றன. ‘வேன்’ தமிழ்ச்சொல் இல்லையே, ‘ஊர்தி’ என்று போடலாமே என்று சிலர் கேட்பார்கள். பாட்டி வாசலில் நின்று காத்திருப்பது வேனுக்குத்தான். அப்படியே இருக்கட்டும்.

எந்த ராகம் பொருத்தம்?

முதலில் எது வேண்டாம் என்று சொல்கிறேன். சிவரஞ்சனியைத் தொட்டால் மண்டபம் அழுதுவிடும் என்பது உண்மை. ஆனால் அந்த அழுகை ராகத்துக்கு வந்தது, மனிதருக்கு வந்ததல்ல. உயிரோடு முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவரை இறந்தவர் போல ஆக்கிவிடும். கஷ்டப்பட்டு வேலை செய்கிறவர் பலர் சிரித்துக்கொண்டேதான் செய்கிறார்கள், பாட்டிலும் அந்தச் சிரிப்பு வர வேண்டும்.

கூட்டமாகப் பாட மோகனத்துக்கு இணை இல்லை. ச ரி க ப த என்று ஐந்தே சுரம். பாட்டுப் பயிற்சி இல்லாதவர்களும் சுருதி விலகாமல் பிடித்துக்கொள்வார்கள். பினாங்கில் இன்னொரு வசதியும் உண்டு. சீனப் பாட்டுகளில் கேட்டுப் பழகிய ஐந்து சுர வரிசையும் இதுவேதான். பக்கத்து வீட்டு அங்கிளும் ஆன்ட்டியும் நிகழ்ச்சிக்கு வந்திருந்தால், சொல் புரியாவிட்டாலும் இரண்டாம் தடவை பல்லவி வரும்போது கூடவே முனகுவதைப் பார்க்கலாம். பாராட்டுக்குரியவர் எல்லா இனத்தாருக்கும் உதவியவர் என்றால் இதைவிட நல்ல தேர்வு கிடையாது.

மூத்த தாய்மாருக்கு ஆனந்தபைரவி அருமையாக வரும். தாலாட்டுச் சாயல் வேண்டும் என்றால் நீலாம்பரி. குழந்தைகள் இல்லத்தில் இரவுப்பணி செய்யும் அம்மாவைப் பற்றி எழுதும்போது அது தானாகவே வந்து உட்காரும்.

சுருதியில் கவனம் தேவை. ஆண்கள் பொதுவாக 1, 2 கட்டையிலும் பெண்கள் 5, 6 கட்டையிலும் பாடுவார்கள். எல்லோரும் சேர்ந்து பாட வேண்டிய பல்லவியை ஒரு ஸ்தாயிக்குள் அடக்குங்கள். மேல் ஸ்தாயிக்குப் போக ஆசை இருந்தால் அதைச் சரணத்தில் தனிப் பாடகருக்கு விட்டுவிடுங்கள்.

உருமி மேளம் சேர்க்கலாமா?

தாராளமாக. நம் பிள்ளைகள் கையில் உயிரோடு இருக்கும் வாத்தியம் அது. ஆனால் சரணத்தில் சொல் கேட்க வேண்டும், அங்கே உருமி ஓயட்டும். பல்லவிக்கும் இடையிசைக்கும் முழு வீச்சில் வரட்டும்.

சினிமா மெட்டுக்கு நம் வரிகளைப் போட்டுப் பாடினால்?

பழக்கத்தில் இருப்பதுதான். இருந்தாலும் அந்த மெட்டுக்கு உரிமையாளர் இருக்கிறார். மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி ஓர் இசைப்படைப்பின் உரிமை, படைத்தவர் இறந்து 50 ஆண்டு வரை நீடிக்கும். இந்தியச் சட்டத்தில் அது 60 ஆண்டு. வரியை மாற்றிப் பதிவு செய்யவும் யூடியூபில் ஏற்றவும் அனுமதி வேண்டும்.

சட்டத்தைத் தாண்டி எனக்கு வேறு வருத்தம் உண்டு. சினிமா மெட்டு கேட்டால் எல்லோருக்கும் அந்தப் படமும் நடிகரும் நினைவுக்கு வருவார்கள். அந்த நாலு நிமிடமாவது நம் டீச்சர் மட்டும் நினைவில் இருக்க வேண்டாமா? கும்மி, தெம்மாங்கு, சிந்து என்று யாருக்கும் சொந்தமில்லாத, எல்லோருக்கும் சொந்தமான நாட்டார் மெட்டுகள் நம்மிடம் நிறைய உண்டு. தோட்டத்தில் வளர்ந்த பாட்டிகளைக் கேளுங்கள், இன்னும் பாடிக் காட்டுவார்கள்.

உதவி பெற்றவர்களைப் பற்றி எவ்வளவு சொல்லலாம்?

அடையாளம் தெரியாத அளவுக்கு மட்டும். ஒருவருடைய நோய், கடன், குடும்பச் சண்டை எதுவும் இன்னொருவரைப் புகழ்வதற்காக மேடை ஏறக் கூடாது. இல்லத்துக் குழந்தைகளைப் பாட்டின் நடுவே மேடைக்கு வரிசையாக அழைத்து நிறுத்துவதும், திரையில் அவர்கள் முகத்தைக் காட்டுவதும் வேண்டவே வேண்டாம். உதவி வாங்கியதற்காக அந்தப் பிள்ளை கூட்டத்தின் முன் நன்றியைக் காட்டியாக வேண்டும் என்று ஆக்குவது, அந்த உதவியைச் செய்தவருக்கே பிடிக்காது. பாட்டில் ‘ஒரு பாட்டி’, ‘ஒரு தம்பி’ என்று வந்தால் போதும்.

மலாய்க்காரருக்கோ சீனருக்கோ தமிழில் பாடினால் புரியுமா?

பல்லவியில் ஒரு அடி அவர் மொழியில் இருக்கட்டும். மலாயில் நன்றி சொல்ல ‘தெரிமா காசே’ என்று எல்லோரும் சொல்லும் சொல் போதும். மக்சிக் (மலாய் அத்தை) ஒருவர் தன் வீட்டில் சமைத்து லோரோங் (சந்து) முழுக்கக் கொடுத்தார் என்றால், அவர் சமைத்ததின் பெயரையும் அப்படியே போடுங்கள்.

பினாங்குக்காரர்களுக்கு இன்னும் ஒரு வழி இருக்கிறது: போரியா. முஹர்ரம் மாத வழக்கமாக 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்து வந்தவர்கள் வழியே இங்கே வேர்விட்டு, மலாய் மக்களின் கலையாக வளர்ந்து, இன்று இந்தத் தீவின் சொந்தக் கலையாக நிற்பது. துக்காங் காராங் எனப்படும் தலைவர் கண்ணி கண்ணியாகப் பாட, குழுவினர் தங்கள் அடியைத் திருப்பித் திருப்பிப் பாடுவார்கள். நம் கும்மியிலும் வில்லுப்பாட்டிலும் உள்ள அதே தலைவர்–குழு அமைப்பு. தலைவர் தமிழில் ஒரு கண்ணி, அடுத்து மலாயில் ஒரு கண்ணி, குழு இரண்டுக்கும் பொதுவான ஓர் அடி என்று கட்டினால் யாரும் வெளியே நிற்க வேண்டியதில்லை. மலாய்க் கண்ணியைப் பாந்துன் என்ற மலாய் மரபுக் கவிதை வடிவில் ஒரு மலாய் நண்பரையே எழுதச் சொல்லுங்கள். நாமே மொழிபெயர்த்துப் பாந்துன் என்று பெயர் வைக்க வேண்டாம்.

பழைய காலத்து மனிதர்களைப் பற்றி எழுதலாமா?

எழுத வேண்டும். நம் பிள்ளைகளுக்குத் தெரியாமலே போய்விடுகிறார்கள். பினாங்கில் 1879இல் பிறந்து பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் படித்த டாக்டர் வூ லியென் தே, 1910–11இல் மஞ்சூரியாவில் பரவிய நுரையீரல் பிளேக்கை எதிர்த்து நின்றார். நோய் காற்றில் பரவுகிறது என்று சொல்லி, பஞ்சும் துணியும் சேர்த்துச் செய்த முகக்கவசத்தை எல்லோரையும் அணியவைத்தார். கோவிட் காலத்தில் நாம் எல்லோரும் போட்ட முகக்கவசத்துக்கு முன்னோடி அது. மூக்கை மூடும் ஒரு துணித்துண்டை வைத்தே ஒரு சரணம் எழுதிவிடலாம்.

சிபில் கார்த்திகேசு இன்னொருவர். தாதி, மருத்துவச்சி. கணவர் டாக்டர் கார்த்திகேசுவோடு ஈப்போவிலும், ஜப்பானியர் காலத்தில் பாப்பான் என்ற சிற்றூரிலும் மருத்துவம் பார்த்தார். காட்டிலிருந்து இரவில் வந்த போராளிகளுக்கும் ரகசியமாகச் சிகிச்சை கொடுத்தார். பிடிபட்டுச் சித்திரவதைப்பட்டும் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. ஜார்ஜ் மெடல் பெற்ற அவர், 1948இல் அந்தக் காயங்களின் விளைவாகவே இறந்தார். கோலாலம்பூரில் சுத்த சமாஜத்தின் இல்லத்தில் எத்தனையோ பிள்ளைகளை வளர்த்து 2023இல், 97 வயதில் மறைந்த அன்னை மங்களமும் இந்த வரிசையில் வருபவர்.

இவர்களைப் பற்றி எழுதும்போது ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: வாழ்க்கை வரலாறு முழுவதையும் திணிக்காதீர்கள். பிறந்த வருடம், படித்த பள்ளி, வாங்கிய பட்டம் எல்லாம் தொகுப்பாளர் பேச்சில் போகட்டும். ஓர் இரவு, ஒரு கதவு தட்டும் சத்தம், திறந்த ஒரு பெண் என்று ஒரே காட்சியில் நில்லுங்கள்.

ஒருவர் அல்ல, ஒரு கூட்டமே உதவியது. யார் பெயரைப் போடுவது?

யார் பெயரும் வேண்டாம். 2017 நவம்பர் 4, 5இல் பினாங்கில் வெள்ளம் வந்தபோது, முகம் தெரியாதவர்கள்தான் ஒருவருக்கொருவர் சோறும் போர்வையும் கொடுத்தார்கள். 2021இல் கோவிட் கட்டுப்பாட்டில் வருமானம் போனவர்கள் வாசலில் வெள்ளைக் கொடி கட்டியபோதும் அப்படித்தான், கொடியைப் பார்த்து அரிசிப் பை கொண்டுவந்தவர் பெயர் கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. இப்படிப்பட்ட பாட்டில் பெயருக்குப் பதில் வேலைகளை வரிசையாக அடுக்குங்கள்: வெட்டினவர், கழுவினவர், தூக்கினவர், காவல் இருந்தவர். தன் வேலையைக் கேட்டவுடன் ஒவ்வொருவரும் ‘இது நான்’ என்று தெரிந்துகொள்வார். பத்துப் பெயர் சொல்லிப் பதினோராவதை விட்டுவிட்டால் வரும் மனவருத்தமும் இருக்காது. தைப்பூசத்தில் தண்ணீர்மலை முருகன் கோயில் பந்தல் தொண்டர்களுக்கும் இதே முறைதான்.

இறந்துபோனவருக்கு?

சாவு வீட்டில் புதுப்பாட்டு வேண்டாம். அங்கே தேவாரமும் சிவபுராணமும் இருக்கின்றன, குடும்பத்தார் அதற்குள் இருக்கட்டும். காரியம் முடிந்த பிறகு நினைவஞ்சலி வைக்கும்போது பாடுங்கள். எழுதுமுன் ஒப்பாரி தெரிந்த ஒரு மூதாட்டியிடம் உட்கார்ந்து கேளுங்கள். போனவர் என்னென்ன செய்தார், எந்த வாசலில் நின்றார், எதை வாங்கிக்கொடுத்தார் என்று பொருள் பொருளாகச் சொல்லித்தான் ஒப்பாரி அழும். நம் மரபில் இதில் தேர்ந்தவர்கள் அந்தப் பெண்கள்தான்.

ஏஐ செயலியில் எழுதிவாங்கினால் வேலை சீக்கிரம் முடியுமே?

முடியும். அந்தச் செயலி அவரைப் பார்த்ததில்லை. எதுகை தேட உதவிக்கு வைத்துக்கொள்ளுங்கள், மனிதரைப் பற்றிய வரி உங்களுடையதாக இருக்கட்டும்.

வாத்தியக்காரர்களுக்குப் பணம் கொடுக்க வேண்டுமா? நல்ல காரியம்தானே?

கொடுங்கள். தொண்டைப் பாராட்டும் விழாவில் மிருதங்கக்காரர் இலவசமாகத்தான் வாசிக்க வேண்டும் என்று நினைப்பது நியாயம் இல்லை. அவருக்கும் வாடகை இருக்கிறது. அவராக வேண்டாம் என்றால் அது அவர் செய்யும் தொண்டு. தொகையை ஒத்திகைக்கு முன்பே பேசிவிடுங்கள்.

நிகழ்ச்சியில் எந்த நேரத்தில் பாடுவது?

சாப்பாடு பரிமாறும்போது வேண்டாம், பேச்சுகளுக்கு முன்னால் வையுங்கள். பாராட்டுக்குரியவரை மேடையில் தனி நாற்காலியில் உட்காரவைத்து எல்லோரும் அவரைப் பார்த்துப் பாடினால் அவர் தவித்துப்போவார். முன்வரிசையில் குடும்பத்தோடு உட்காரட்டும். வரிகளை அச்சடித்து ஒவ்வொரு மேசையிலும் வையுங்கள், தமிழ் படிக்கத் தெரியாத பிள்ளைகளுக்காக ரோமன் எழுத்திலும். மூன்றரை, நாலு நிமிடத்துக்கு மேல் போக வேண்டாம். பாட்டு முடிந்ததும் தொகுப்பாளர் அதற்கு விளக்கம் சொல்லத் தொடங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பதிவு செய்ய ஸ்டூடியோ தேவையா?

வானொலிக்கு அனுப்ப வேண்டும் என்றால் தேவை. மின்னல், ராகா போன்ற நிலையங்களுக்குக் கொடுக்க ஒலி சுத்தமாக இருக்க வேண்டும். குடும்பத்துக்காக என்றால் மின்விசிறியை நிறுத்திய ஓர் அறையில் நல்ல கைப்பேசி போதும். கூட்டக் குரலுக்குக் கைப்பேசியைச் சற்றுத் தள்ளி வையுங்கள். பாட்டு பொதுவில் ஓடத் தொடங்கினால், எழுதியவரும் மெட்டமைத்தவரும் பாடலாசிரியர், இசையமைப்பாளர்களின் பதிப்புரிமை அமைப்பான எம்.ஏ.சி.பி.யில் உறுப்பினராகி உரிமைத்தொகை பெறலாம். அதுவரை வரிகள், மெட்டின் சுரக்குறிப்பு, தாளம், கட்டை, யார் எழுதியது, எந்த நாளில் முதலில் பாடியது எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதுங்கள். ஒரு படி அவர் வீட்டுக்கு, ஒரு படி பக்கத்துத் தமிழ்ப்பள்ளி இசை ஆசிரியருக்கு.